கல்லில் என்ன எழுதியிருக்கு?

எக்ஸ்ரேக்காரர் எந்தக் கல்லறையைப் படம் எடுத்தாலும், அதற்கு உரியவர் அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்து, தன் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எழுத்து கல்லின் வெளிப்பக்கம் இருக்கிறது; ஆள் உள்ளே மல்லாந்து கிடக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று படித்துவிட்டுப் போகிற ஒன்றை, சம்பந்தப்பட்டவர் மட்டும் படித்ததே இல்லை. நூறு வருஷம், இருநூறு வருஷம் என்று பொறுத்துக் கிடந்தவர்கள், யாரோ ஒருவர் கையில் அதற்கு நகல் இருக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து வந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் முதல் சில வாரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. எக்ஸ்ரேக்காரர் வீட்டு வாசலில் யாராவது பழைய மோஸ்தர் கோட்டோடு தயங்கி நின்றால், "பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போனார்கள்.

எக்ஸ்ரேக்காரர் பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காலையிலிருந்து சாயங்காலம்வரை "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவர். தூக்கத்திலும் அதையே சொல்கிறார் என்று அவர் மனைவி உயிரோடு இருந்தபோது கேலி செய்வாள். அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. உடைந்த எலும்போ, குழந்தை விழுங்கிய நாணயமோ, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற நிழலோ, எல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். மேஜையிலிருந்து இறங்குகிறவர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் முகத்தைத் துடைத்து வைத்த தட்டு மாதிரி வைத்துக்கொண்டு, "டாக்டர் சொல்வார்" என்பார். இப்படியே சொல்லிச் சொல்லி, சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால்கூட அவருக்குச் சட்டென்று பதில் வராமல் போயிற்று.

மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில், புதிதாகச் சேர்த்த கடைசி மூலையில், அவளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கல் நிறுத்தினார்கள். அதில் என்ன போடுவது என்று கல் கொத்துபவர் கேட்டபோது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார் இவர். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பெயர்கூட இல்லாமல் கல் மொழுக்கென்று நின்றது. விடுமுறை நாளில் அவளைப் பார்க்க என்றுதான் கிளம்புவார். ஆனால் வாசலை ஒட்டியிருக்கும் மிகப் பழைய பகுதியைத் தாண்டிக் கால் நகராது. வெறுமனே நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று போனை எடுத்து, எதிரில் பாசி பிடித்துக் கிடந்த கல்லை ஒரு படம் எடுத்தார். அது கப்பல் கேப்டன் ஒருவருடைய கல். கேப்டன் அன்று சாயங்காலம் ஈரக் காலோடு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொழுதுபோக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு நல்ல கேமரா வாங்கினார். கல்லறைப் படம் எடுப்பதில் உள்ள நெளிவு சுளிவுகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. மெல்லிய தூரிகையால் பாசியைத் தட்ட வேண்டும், சுரண்டக் கூடாது. கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் தேய்ந்த எழுத்து கொஞ்சம் கறுத்துத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் சாய்த்து வெயிலைக் கல்லின் மேல் தடவுகிற மாதிரி விட வேண்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து, இல்லை என்று நினைத்த எழுத்து மெதுவாக எழுந்து வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வரிசையை விடக் கூடாது என்பது. பிடித்த கல்லை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தள்ளக் கூடாது. உடைந்தது, சாய்ந்தது, ஒன்றும் படிக்க முடியாதது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். எடுத்த படங்களை, மூதாதையரைத் தேடுகிறவர்களுக்காக நடக்கும் ஓர் இணையதளத்தில் ஏற்றினார். எங்கோ இருக்கிற பேரன் பேத்திகள் நன்றி சொல்லி எழுதினார்கள். தாத்தாக்கள் நேரிலேயே வந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் களைத்திருந்தார்கள். தொலைதூரப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களைப் போல நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு இவர் படித்துச் சொல்வார், கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்ததில்லை. கடலுக்குப் பயந்தறியாதவர் என்று எழுதியிருந்ததைப் படித்த கப்பல் கேப்டன், தனக்கு நீச்சலே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீதி தவறாதவர் என்று பொறித்திருந்த ஒரு நீதிபதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவன் பெயரைப் பெரிதாகப் போட்டு அதன் கீழே "மேற்படியாரின் மனைவி" என்று மட்டும் வெட்டியிருந்த ஒரு பெண், "என் பேரு எங்கே?" என்று கேட்டாள். எக்ஸ்ரேக்காரர் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியவர்தான், ஆனால் கல்லில் அது இல்லவே இல்லை. அவளிடமே பெயரைக் கேட்டு இணையதளத்தில் ஏற்றினார். அது அவளுக்கு எந்த அளவுக்கு ஆறுதல் என்று தெரியவில்லை.

பெரும்பாலான கற்களில் இருந்தது அன்பான கணவர், பாசமுள்ள தாய், எல்லாருக்கும் நல்லவர். இதைப் படித்தவர்களுடைய முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியாது. "இது என்னைப் பத்தித்தானா? பக்கத்துக் கல்லை மாத்தி எடுத்துட்டீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், சரி என்று தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். ஒரே ஒரு பேக்கரிக்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி, "இவர் விடும் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்று வெட்ட வைத்திருந்தாள். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, எக்ஸ்ரேக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி நடந்து போனார். இத்தனை பேருடைய முகத்தைப் பார்த்த பிறகு, தன் மனைவியின் கல்லில் என்ன எழுதுவது என்பது எக்ஸ்ரேக்காரருக்கு முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. அவளும் ஒருநாள் வந்து படிப்பாள். படித்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடுவாள். இருக்கிற ஒரே ஒரு வருகையை, எழுதத் தெரியாமல் எழுதி வீணடிக்க அவருக்கு மனமில்லை.

மகளுக்கு இது புரியவில்லை. அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை. வாரம் ஒருமுறை வந்து அப்பாவின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரோட கல்லையும் கழுவித் துடைக்கிறீங்க. அம்மா கல்லு மட்டும் அநாதைக் கல்லு மாதிரி நிக்குது. எனக்கு மானம் போகுதுப்பா" என்பாள். எழுதலாம் எழுதலாம் என்பார் இவர். மகள் இழுத்துக்கொண்டு போன நாட்களில் மட்டும் அந்த மூலைக்குப் போயிருக்கிறார். அப்போதும் கல்லை நிமிர்ந்து பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தவறு நடந்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்பு. பழைய பகுதி முடிந்து, வரிசைகள் ஒவ்வொன்றாகப் புதிய பகுதியை நெருங்கிக்கொண்டிருந்தன. எந்த வாரம் எந்த வரிசைக்குப் போவோம் என்று அவருக்குத் தெரியும், அதனால் வேகத்தையும் குறைத்திருந்தார். ஆனால் அந்த வாரம் காற்றில் ஒரு மரம் விழுந்து நடைபாதையை அடைத்திருந்தது. சுற்றிக்கொண்டு போனதில், எந்த வரிசை என்று கவனிக்காமல் கடைசிப் பக்கமிருந்து ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்று இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தார், கண் எரிந்தது. கேமராவில் ஒரு கண்ணை வைத்தபடி கல் கல்லாக நகர்ந்தார். ஒரு கல்லில் எழுத்து தெரியவில்லை. தண்ணீர் தெளித்தார். தெரியவில்லை. கண்ணாடியைப் பிடித்து வெயிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தார், ஒன்றும் எழுந்து வரவில்லை. தேய்ந்த கற்களோடு இத்தனை காலம் பழகிய மனிதருக்கு, எழுத்து இல்லாத கல் என்றால் அது ரொம்பத் தேய்ந்த கல். அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். என்ன செய்தோம் என்பது வரிசையின் பாதியில் நிமிர்ந்து, இடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது அவர் மனைவியின் கல். பாதிப் பொருள்களை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். கதவைத் தட்டவும் இல்லை, கூடத்தில் உட்காரவும் இல்லை, நேராகச் சமையலறைக்குப் போயிருந்தாள். "யாரு இந்தப் பாத்திரத்தையெல்லாம் இப்படித் தலைகீழா அடுக்கி வச்சது?" என்ற குரல் கேட்டதும், எக்ஸ்ரேக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மற்ற எல்லாரும் கேட்டதைத்தான் கேட்டாள். "சரி, காட்டுங்க. என்ன எழுதியிருக்கு?"

அவர் காட்டினார். அவள் படத்தை அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"எழுத்து எங்கே?"

"இன்னும் எழுதல."

"மூணு வருஷமாவா?"

"என்ன எழுதுறதுன்னு முடிவு பண்ணல."

"ஒரு சட்டை எடுக்கப் போனாலும் இப்படித்தான், கடைக்காரன் விளக்கை அணைக்கிற வரைக்கும் நிப்பீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படித்தவர்கள் போவார்கள். அவளுக்குப் படிக்க ஒன்றும் இல்லை, அதனால் போகவும் வழியில்லை. மழைக்காலம் முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். எக்ஸ்ரேக்காரர் சந்தோஷமாக இருந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை; வெட்கம் கெட்ட சந்தோஷம் அது. வேலை முடிந்ததும் படியேறி ஓடிவருவார். வரும்போது விளக்கு எரியும். அவள் அலமாரிகளை மாற்றி அடுக்கினாள், திரைச்சீலைகளைக் குறை சொன்னாள், அவருடைய சாக்ஸ்களுக்கு ஜோடி தேடிக் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் கறிவேப்பிலைக் கொத்து கேட்டு வந்தபோது அவளைப் பார்த்து, "வந்துட்டீங்களா, இனி இவர் ஒழுங்கா சாப்பிடுவாரு" என்று மட்டும் சொன்னாள். மகள் வந்தபோது அம்மாவின் மடியில் முகம் வைத்து அழுது தீர்த்தாள். கல்லில் எழுத வேண்டும் என்ற பேச்சை எக்ஸ்ரேக்காரர் எடுக்கவே இல்லை. எடுப்பாரா என்ன?

ஆனால் இறந்தவர்களால் வீடுகளில் தூங்க முடியாது. முதல் வாரம் அது அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. படுக்கையில் படுத்துப் பார்த்தாள், சோபாவில் படுத்துப் பார்த்தாள், தரையில் ஒரு போர்வையை விரித்துப் பார்த்தாள். எங்கும் வரவில்லை. கையில் எடுத்த கரண்டியை எதற்கு எடுத்தோம் என்று மறந்து நின்றாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். அங்கே தூக்கம் நன்றாக வருமா என்று ஒருநாள் அவர் கேட்டார். "அங்கே அதைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றாள், பசித்தவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அடுத்த முறை வந்த மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். "அம்மா கண்ணைப் பார்த்தீங்களாப்பா? நீங்க தனியா இருக்கக் கூடாதுன்னு அவங்களை இப்படி வதைக்கணுமா?" பார்க்காமல் என்ன? அவர்தான் எல்லாவற்றையும் முதலில் பார்ப்பவர் ஆயிற்றே.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினார். அன்பின் உருவம் என்றார். "பக்கத்து வீட்டம்மாவுக்கும் இது பொருந்தும்" என்றாள். இல்லத்தின் ஒளி என்றார். "கரண்ட் கட் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்றாள். என்னதான் வேண்டும், நீயே சொல் என்று அலுத்துக்கொண்டபோது, "என் கல்லுக்கு நானேதான் எழுதிக்கணுமா? இன்னைக்கு என்ன சமைக்கன்னு கேட்குற மாதிரி கேட்குறீங்களே" என்று மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"என்னையும் அந்த மேஜையில படுக்க வச்சு படம் எடுத்தீங்களே. இறங்கி வந்து உங்களை என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"படத்துல என்ன தெரியுதுன்னு கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

"டாக்டர் சொல்வார்னு சொன்னேன்."

"டாக்டர் சொல்ல ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரமும் நான் கேட்காமலே துணி மடிச்சு வச்சீங்க, தட்டு கழுவுனீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு துண்டைக்கூட மடிக்காத மனுஷன். எனக்குத் தெரியாதா? ஏன் அன்னைக்கே சொல்லல? சட்டம்னு சொல்லாதீங்க."

எக்ஸ்ரேக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினார். அதற்குப் பின்னால் இருந்தது வெளியே வர நேரம் பிடித்தது.

"பயமா இருந்துச்சு" என்றார்.

"ம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

காலையில் எக்ஸ்ரேக்காரர் கல் கொத்துபவரிடம் போனார். அவர் பட்டறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், இவரைப் பார்த்ததும், அடுத்த வாரம் வந்துவிட்டதா என்று கேட்டார். எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், அதன் கீழே இரண்டு வரி. "இவள் கணவனுக்குப் பயமாக இருந்தது. இவளுக்கு இல்லை."

"இதையா போடணும்? அன்பு, பாசம் ஏதாவது?"

"வேண்டாம்."

"வெட்டுறதுதான் என் வேலை. அர்த்தம் உங்க பாடு" என்று உளியை எடுத்தார்.

எழுத்து வெட்டி, தூசி தட்டி, கல் காய்ந்ததும் எக்ஸ்ரேக்காரர் படம் எடுத்தார். தூரிகையோ தண்ணீரோ கண்ணாடியோ தேவைப்படவில்லை. புது எழுத்து பளிச்சென்று இருந்தது. வீடு திரும்பும் வழியில் இரண்டு தடவை நின்றார். கேமராவை ஆற்றில் போட்டுவிடலாமா என்று பாலத்தின் மேல் யோசித்தது உண்மை. போடவில்லை. அவள் கூடத்தில், எப்போதும் வருகிறவர்கள் உட்காருகிற அதே நாற்காலியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மகளுக்குச் சொல்லி அனுப்பினார். அவளும் ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். எக்ஸ்ரேக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

மனைவி மெதுவாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, துடைத்து வைத்த தட்டு மாதிரி இல்லாத அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முதல் வரி சரி. ரெண்டாவது தப்பு" என்றாள். "எனக்கும் இருந்துச்சு. ரொம்ப. நீங்க படுத்தப்புறம் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்."

அது அவருக்குத் தெரியாது. தண்ணீர் வீணாகிறது என்று ஒருநாள் அதட்டியிருந்தார். மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்த்தே சம்பளம் வாங்கியவர், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்க்கவில்லை. நாளைக்கே மாற்றச் சொல்கிறேன் என்றார்.

"வேண்டாம், விடுங்க. படிக்கிறவங்க என்னைப் பத்தி நல்லபடியா நினைச்சுட்டுப் போகட்டும். உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சில்ல."

சொல்லும்போதே கொட்டாவி வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள். சமையலறைப் பக்கம் திரும்பி, பாத்திரத்தை இனியாவது நேராக வைக்கச் சொன்னாள். பிறகு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். எக்ஸ்ரேக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி அழுதார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில், விட்ட இடத்துக்கு அடுத்த கல்லிலிருந்து ஆரம்பித்தார். அந்த வரிசை முடிந்து அதற்கடுத்ததும் நடந்துகொண்டிருக்கிறது. மாலைகளில் ஆட்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், போகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் சாம்பல் நிறக் கல்லின் முன் கொஞ்சம் நின்று, என்ன தைரியமான பொம்பளை என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். சிலர் பக்கத்தில் தூரிகையோடு குந்தியிருப்பவரிடமும் அதைச் சொல்கிறார்கள். எக்ஸ்ரேக்காரர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கையிலிருக்கும் கல்லைத் துடைக்கிறார்.